மாத்திரையின் நடுக்கோடு

மருந்தாலையின் உடை மாற்றும் அறையில் குறுக்கே ஓர் எஃகுத் திண்ணை கிடக்கும். முழங்கால் உயரம். சுவரிலிருந்து சுவர்வரை நீண்டிருப்பதால் சுற்றிக்கொண்டு போக வழியில்லை. 'கிராஸ் ஓவர் பெஞ்ச்' என்பார்கள். உற்பத்திப் பிரிவில் புதிதாகச் சேர்கிறவர் கற்றுக்கொள்ளும் முதல் வித்தை அதன்மேல் உட்காருவதுதான். தெருவில் நடந்த செருப்பை இந்தப் பக்கம் கழற்ற வேண்டும். உட்கார்ந்தபடியே ஒரு காலைத் தூக்கி, அந்தப் பக்கத்துக்கு உரிய வெள்ளைக் காலணிக்குள் நுழைத்து, அதற்குப் பிறகே தரையில் ஊன்ற வேண்டும். பின்னர் மற்றக் கால். வெறும் பாதம் அந்தப் பக்கத்துத் தரையைத் தொடக் கூடாது. பழகியவர்கள் இதைச் செய்யும்போது கவனியுங்கள்: உடம்பு இதமாக அரைவட்டம் திரும்புகிறது, கால்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து அமைகின்றன, ஒரு சிறு சத்தமும் இல்லை. ஒரு ஷிப்டுக்குப் பல முறை செய்தாலும் அந்த அசைவின் அழகு குறைவதே இல்லை.

திண்ணைக்கு அப்பால் வெள்ளை அங்கி. அதைப் போடுவதிலும் ஒரு நளினம் உண்டு. கால்சட்டையின் விளிம்பு தரையில் படாதபடி முதலில் கையில் சுருட்டிக்கொள்ள வேண்டும். தலைமூடி, முகக்கவசம், அதன்பின் கையுறை. கையுறையின் விளிம்பு சட்டைக் கையின்மேல் ஏறி உட்கார வேண்டும். இந்தச் சட்டையில் எனக்கு மிகவும் பிடித்த நுட்பம், அதில் பை கிடையாது என்பது. உள்ளே போகும் கையில் ஒன்றும் இல்லை, வெளியே வரும் கையிலும் ஒன்றும் இல்லை. கைக்கடிகாரம், மோதிரம், அரைஞாண் போல மணிக்கட்டில் கட்டிய கோயில் கயிறு, பூ, பொட்டு, கண்மை எல்லாம் முந்தின அறையோடு சரி. காலை ஷிப்டில் பெரிய காஞ்சிபுரத்து விபூதியும் சின்னக் காஞ்சிபுரத்து நாமமும் ஒரே குழாயடியில் கழுவப்படுவதை நான் ரசித்துப் பார்த்திருக்கிறேன்.

இந்தத் திண்ணைக்கு நான் வந்தது, முன்பிருந்த வேலை போன பிறகு. எங்கள் வட்டாரத்தில் அது அபூர்வமான கதை இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் ஓடத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1ஆம் தேதி நின்றது. மறைமலைநகர் ஃபோர்டு ஆலை 2022இல் கார் உற்பத்தியை முடித்துக்கொண்டது. மருந்துத் துறைக்கும் விலக்கு இல்லை. இருங்காட்டுக்கோட்டையில் இருந்த ஊசிமருந்து ஆலையை மூடப்போவதாக ஃபைசர் 2019இல் அறிவித்தது. காஞ்சிபுரத்து நெசவாளர் பகுதியான பிள்ளையார்பாளையத்தில் இருந்து கம்பெனிப் பேருந்து ஏறியவர்கள் பலர், அதற்கு முன்பே தறியை இழந்தவர்கள் அல்லது தறியை விட்டவர்கள். செட்டில்மெண்ட் பணம் கையில் இருக்கும் மாதங்களைப் பற்றியும் அது கரையும் மாதங்களைப் பற்றியும் எழுத இது இடமில்லை. நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்து வந்த வேலையின் அழகைப் பற்றி.

நாற்பதை நெருங்கும் ஆளுக்கு முதல் வாரத்தில் கை கழுவக் கற்றுக்கொடுக்கிறார்கள். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண் என்று ஒரு வரிசை உண்டு. கற்றுக்கொடுத்தவர் பி.பார்ம் முடித்து இரண்டு மூன்று வருடமான பிள்ளை. அவர் என்னை "அண்ணா" என்பார், நான் அவரை "சார்" என்பேன். "அவசரமே வேணாம்ணா. நிதானமா, வரிசை மாறாம" என்பதுதான் அவர் சொன்ன முதல் வார்த்தை. முன்பு இருந்த ஆலையில் எந்த நேரமும் கேட்டது 'சீக்கிரம்' என்ற சொல்லைத்தான். இங்கே நிதானம் விதிமுறையாக அச்சிடப்பட்டுச் சுவரில் தொங்குகிறது.

உள்ளே போனதும் கண்ணுக்குப் படாத ஓர் அழகு இருக்கிறது: காற்று. ஒவ்வோர் அறையின் வாசலருகிலும் வட்டமான ஒரு சிறு கடிகாரம் பதித்திருப்பார்கள். அதன் முள் காட்டுவது நேரத்தை அன்று, அறைக்கும் வெளி நடைக்கும் உள்ள அழுத்த வேறுபாட்டை. பத்துப் பதினைந்து பாஸ்கல்தான். நம்மைச் சுற்றியுள்ள வளிமண்டல அழுத்தமோ ஒரு லட்சம் பாஸ்கலுக்கு மேல். அந்தப் பெருங்கணக்கில் இந்தச் சின்ன வித்தியாசம் ஒரு மூச்சுக்கூட இல்லை. ஆனாலும் அதுதான் காவல். மாத்திரைத் தூள் பறக்கும் அறையில் அழுத்தத்தை நடையைவிடக் குறைத்து வைப்பார்கள். கதவு திறந்தால் காற்று உள்ளே போகும், தூள் வெளியே வராது. ஊசிமருந்து நிரப்பும் அறையில் இதைத் தலைகீழாக்கி, அறைக்கே அதிக அழுத்தம் தருவார்கள். அங்கே எதுவும் உள்ளே நுழையக் கூடாது. மேற்கூரையில் பதித்த ஹெப்பா வடிகட்டி, 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் நூற்றுக்கு 99.97ஐப் பிடித்துவிடும். கதவு நம் கண்ணுக்காக இருக்கிறது. மெய்யாகவே அறையைப் பிரித்து வைத்திருப்பது மெல்லிய அந்தக் காற்றுதான். ஷிப்டு தொடங்கும்போது அந்த முள் நிற்கும் இடத்தைப் பார்த்து எழுதி வைப்பது புதியவர்களின் வேலை. எனக்குக் கொடுக்கப்பட்ட முதல் எழுத்து வேலையும் அதுவே.

அடுத்தது எடை நிறுத்தல். 'டிஸ்பென்சிங்' என்பார்கள். ஒவ்வொரு பீப்பாய்க்கும் நிறச் சீட்டு உண்டு: சோதனையில் இருப்பதற்கு மஞ்சள், தேறியதற்குப் பச்சை, தள்ளியதற்குச் சிவப்பு. பச்சைச் சீட்டு இல்லாத பீப்பாயின் மூடியில் கை வைக்கக் கூடாது. எடை போடும் கூண்டுக்குள் காற்று மேலிருந்து சீராக இறங்கித் தூளைப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு போகிறது. நிறுப்பவர் முகத்துக்கு எதுவும் வராது. கை தேர்ந்த ஒருவர் கரண்டியால் அள்ளிப் போடுவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். முதலில் தாராளமாக. எண் நெருங்க நெருங்கக் கரண்டி தாழ்கிறது. கடைசியில் அவர் கரண்டியைச் சாய்ப்பதே இல்லை; கரண்டி பிடித்த மணிக்கட்டை மறுகையின் ஒரு விரலால் லேசாகத் தட்டுகிறார். தட்டுக்கு இவ்வளவு என்று தூள் உதிர்கிறது. எண் வந்து நிற்கிறது. அதை அவர் மட்டும் பார்த்தால் போதாது. இன்னொருவர் தம் கண்ணால் பார்த்து இன்னொரு கையெழுத்துப் போட வேண்டும். 'டன் பை', 'செக்டு பை' என்று இரண்டு கட்டங்கள். தாளின் அந்த இரண்டு கட்டங்களுக்குள் ஆலையின் மானம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

மானம் என்று சும்மா சொல்லவில்லை. 2025 அக்டோபரில் எங்கள் காஞ்சிபுரம் மாவட்டத்தின் பெயர் நாடெங்கும் தலைப்புச் செய்தியானது. சுங்குவார்சத்திரத்தில் தயாரான கோல்ட்ரிஃப் என்ற இருமல் மருந்தைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். அந்த மருந்தில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் இருந்ததாகத் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனை சொன்னது. அமெரிக்காவில் 1937இல் நூறு பேருக்கு மேல் கொன்றதும் இதே நச்சுதான். கரைப்பான் பீப்பாய் ஒவ்வொன்றையும் இந்த நச்சு இருக்கிறதா என்று சோதித்த பிறகே பச்சைச் சீட்டு ஒட்ட வேண்டும். அந்தச் செய்தி வந்த வாரம் பேருந்தில் யாரும் பாட்டுப் போடவில்லை. ஆலைக்குள் எல்லோரும் சீட்டின் நிறத்தை இரண்டு முறை பார்த்தோம்.

இனிக் கஞ்சிக்கு வருவோம்.

மருந்துத் தூளை அப்படியே அச்சில் அழுத்தினால் மாத்திரை நிற்காது, பொலபொலவென்று உதிரும். அதைப் பிடித்து நிறுத்த ஒரு பசை வேண்டும். இன்று எத்தனையோ செயற்கைப் பசைகள் இருந்தாலும், பல மாத்திரைகளில் இன்னும் வேலை செய்வது மக்காச்சோள மாவைச் சுடுநீரில் காய்ச்சிய கஞ்சிதான். அதைக் காய்ச்சுவதை முதல் முறை பார்த்தபோது மனம் பிள்ளையார்பாளையத்துத் தெருவுக்குப் போய்விட்டது. காலை வெயிலில் பட்டுப் பாவை நீளமாக விரித்துக் கட்டி, அரிசிக் கஞ்சி போட்டு, கொம்புக்குக் கொம்பு இழுத்து உலர்த்தும் தெரு அது. இழைக்கு உடம்பு தருவது கஞ்சி. தூளுக்கு உடம்பு தருவதும் கஞ்சி. மாவு வெந்து, பால் வெள்ளை மறைந்து, கண்ணாடி போன்ற ஒளி படரும் அந்தப் பதம் இரண்டு இடத்திலும் ஒன்றே. பதம் தப்பினால் அங்கே இழை அறும், இங்கே மாத்திரை உடையும்.

கஞ்சியை ஊற்றியதும் கலக்கியின் குரல் மாறுவது இன்னோர் இன்பம். வறண்ட தூளில் இரைச்சலாக ஓடிய விசிறி, ஈரம் ஏற ஏற அடங்கி, கனத்து, ஒரு தாழ்ந்த முனகலுக்கு வருகிறது. மோட்டார் இழுக்கும் மின்சாரத்தின் அளவு பலகையில் ஏறுகிறது. அந்த எண்ணை வைத்துத்தான் இப்போது பதத்தைத் தீர்மானிக்கிறார்கள். பழைய ஆபரேட்டர்களோ எண்ணைப் பார்க்கும் முன்பே காதால் சொல்லிவிடுவார்கள். பிறகு அந்த ஈரக் குருணை காற்றில் மிதந்து உலரும், சல்லடையில் இறங்கும். உலர்ந்த குருணையைக் கையுறை விரல்களுக்கிடையே விட்டால் ஒழுகும் விதம் அவ்வளவு இதம். தூளாக இருந்தபோது ஒட்டி அடம்பிடித்தது, இப்போது நீரோட்டத்தின் இணக்கத்தோடு வழிகிறது. கடைசியாக மெக்னீசியம் ஸ்டியரேட் என்ற வழவழப்பான வெண்தூளைக் கொஞ்சம் சேர்த்துச் சில நிமிடம் மட்டும் சுற்றுவார்கள். அச்சில் ஒட்டாமல் இருக்க இது வேண்டும். ஆனால் ஆசைப்பட்டு நிமிடத்தைக் கூட்டினால் அந்த வழவழப்பு ஒவ்வொரு குருணையையும் போர்த்திவிடும். மாத்திரை மெத்தென்றாகும், வயிற்றில் கரையவும் தாமதிக்கும். எப்போது நிறுத்துவது என்று தெரிந்திருப்பது எந்தக் கைத்தொழிலிலும் கடைசியாக வரும் அறிவு. அதை இங்கே ஒரு மணியடிப்பில் வைத்திருக்கிறார்கள்.

இப்போது மாத்திரை பிறக்கும் அறைக்கு வாருங்கள். 'கம்ப்ரஷன்' என்பது அதன் பெயர். நடுவில் சுழலும் கனத்த எஃகு வட்டம். அதில் வரிசையாகத் துளைகள். ஒவ்வொரு துளைக்கும் மேலே ஒரு பஞ்ச், கீழே ஒரு பஞ்ச். கீழ்ப் பஞ்ச் இறங்கத் துளை நிரம்புகிறது. வேண்டிய எடை நிற்கும் அளவுக்கு அது சற்று மேலேறி மிகுதியைத் தள்ளிவிடுகிறது. பின் இரண்டு பஞ்சும் நெருங்குகின்றன. ஆனால் ஒரேயடியாக நெருங்குவதில்லை, அதுதான் நயம். முதலில் ஒரு சிறிய உருளை மெதுவாக அழுத்தித் தூளுக்குள் சிக்கிய காற்றை வெளியேறவிடுகிறது. அதன்பிறகே பெரிய உருளையின் முழு அழுத்தம். அந்தக் காற்றுக்கு வழிவிடாமல் அவசரப்பட்டால், அழுத்தம் நீங்கியதும் சிக்கிய காற்று விரிந்து மாத்திரையின் மேல்தலையைத் தொப்பிபோலக் கழற்றிவிடும். 'கேப்பிங்' என்று அதைச் சொல்வார்கள். மணிக்கு லட்சத்தைத் தொடும் வேகத்தில் மாத்திரைகள் கொட்டும் எந்திரம். அதற்குள்ளும் ஒவ்வொரு மாத்திரைக்கும் மூச்சுவிட ஒரு கணம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

கொட்டியதில் ஒன்றை எடுத்து ஒளியில் பிடித்துப் பாருங்கள். அதன் விளிம்பு கூராக இல்லை. சிறு சரிவாகச் சீவிவிடப்பட்டிருக்கிறது. முகமும் விலாவும் சந்திக்கிற அந்த மெல்லிய இடம், கோர்வைச் சேலையில் உடலும் கரையும் சந்திக்கிற இடத்துக்கு நேர். மூன்று நாடா ஓட்டி, இரண்டு நிறத்து ஊடையை ஒன்றோடொன்று கோத்து நெய்யும் அந்தக் கோட்டைச் சேலை வாங்குபவர் பார்ப்பது அரிது. நெய்பவர் முதலில் தடவுவது அதைத்தான். மாத்திரைக்கும் அப்படி. விளிம்பு சரியாக இருந்தால் மற்றது சரியாக இருக்கும் என்று ஆபரேட்டர் கட்டைவிரலால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துக்கொள்கிறார்.

அடுத்து எழுத்து. மாத்திரையில் குழிவாக இருக்கும் எழுத்து, பஞ்சின் முகத்தில் மேடாக இருக்கும். ஏ, பி, டி, ஓ போன்ற ஆங்கில எழுத்துகளுக்குள் ஒரு மூடிய வளையம் இருக்கிறதல்லவா? அந்த வளையத்துக்குள் தூள் சிக்கிக்கொள்ளும். அடுத்த மாத்திரையில் அந்த இடத்தில் ஒரு துண்டு பிய்ந்து வரும். 'பிக்கிங்' என்பது இந்த நோய். அதனால் பஞ்ச் செதுக்குபவர்கள் வளையத்தின் அடியை ஆழமாக விடாமல் மேடாக்குகிறார்கள், எழுத்தின் மூலைகளை மழுக்குகிறார்கள், கோடுகளின் சரிவை மாற்றுகிறார்கள். கண்ணுக்குச் சாதாரணமாகத் தெரியும் ஓர் எழுத்துக்குள் இவ்வளவு யோசனை. நம் 'ண'வையும் 'ஐ'யையும் மாத்திரையில் பொறிக்க வேண்டிவந்தால் பஞ்ச் செதுக்குபவர் என்ன பாடுபடுவார் என்று ஓய்வு நேரத்தில் நினைத்துச் சிரித்துக்கொள்வேன். வேலை முடிந்ததும் பஞ்ச்களைத் துடைத்து, எண்ணெய் தடவி, தத்தம் குழியில் படுக்கவைத்து, எண்ணிப் பூட்டுவார்கள். முனையில் மயிரிழை அளவு நசுங்கல் இருந்தாலும் அது தனியே ஒதுக்கப்படும்.

எழுத்தைவிட எனக்கு உயிரானது அந்த நடுக்கோடு. சில மாத்திரைகளில்தான் இருக்கும். பாதியாக உடைத்துச் சாப்பிட வேண்டியவர்களுக்காக இடப்பட்ட கோடு அது. ஆழம் குறைந்தால் மாத்திரை கோணலாக உடைந்து ஒரு பக்கம் மருந்து மிகும். ஆழம் கூடினால் வண்டியில் போகும்போதே பிளந்துவிடும். இரண்டுக்கும் நடுவே, மாத்திரை முழுதாய் இருக்க வேண்டிய வரைக்கும் முழுதாய் இருந்து, நகத்தால் அழுத்திய கணத்தில் சமமாக விலகும் ஓர் ஆழம் இருக்கிறது. எங்கோ ஒரு வீட்டில் கை நடுங்கும் பெரியவர் ஒருவர் சர்க்கரை மாத்திரையை இரண்டு கட்டைவிரலுக்கும் நடுவே வைத்து அழுத்துவார் என்பதை முன்கூட்டியே நினைத்துப் பார்த்த ஒருவர் வரைந்த கோடு அது. சின்னஞ்சிறு மாத்திரையில் இவ்வளவு பரிவுள்ள இன்னொரு வடிவத்தை நான் பார்த்ததில்லை.

எந்திரம் ஓட ஓட, குறிப்பிட்ட இடைவெளியில் மாத்திரைகளை அள்ளிச் சோதிக்கிறார்கள். இருபதைத் தனித்தனியே நிறுக்கிறார்கள். 250 மில்லிகிராமுக்கு மேற்பட்ட மாத்திரையானால் இரண்டுக்கு மேல் எதுவும் சராசரியிலிருந்து 5 சதவீதத்தைத் தாண்டி விலகக் கூடாது. பிறகு ஒரு கண்ணாடித் தெளிவுள்ள உருளைக்குள் போடுகிறார்கள். நிமிடத்துக்கு 25 சுற்று, நான்கு நிமிடம், மொத்தம் 100 சுற்று. உள்ளே வளைந்த ஒரு கை மாத்திரைகளைத் தூக்கித் தூக்கிக் கீழே விடுகிறது. லாரி, கிடங்கு, மருந்துக் கடை டப்பா, அம்மாவின் கைப்பை என்று அந்த மாத்திரை இனி விழப்போகும் வீழ்ச்சிகளை எல்லாம் அங்கேயே விழவைத்துப் பார்க்கிறார்கள். ஒரு சதவீதத்துக்கு மேல் எடை தேயக் கூடாது. இவ்வளவு உறுதி பார்த்துவிட்டு, அடுத்த மேசையில் அதற்கு நேர் எதிரான சோதனை. ஆறு கண்ணாடிக் குழாய்கள், 37 பாகை வெந்நீர், அதாவது நம் உடம்பின் சூடு. கூடை ஏறி இறங்குகிறது. உறையில்லாத சாதாரண மாத்திரை 15 நிமிடத்துக்குள் கரைந்து பிரிந்துவிட வேண்டும். முதலில் ஓரம் வெளுக்கிறது, பிறகு மெல்லிய புகையாக அவிழ்கிறது, பின் ஒன்றுமில்லை. வெளியே உறுதி, உள்ளே இளக்கம்: இரண்டையும் ஒரே பொருளிடம் கேட்கிறது இந்தத் தொழில், கிடைக்கவும் கிடைக்கிறது.

அட்டை போடும் பகுதியைச் சீக்கிரம் கடந்துவிடலாம். அங்கே ஓசை அதிகம், நயம் கொஞ்சம். ஆனாலும் நீலத் தண்ணீர்ச் சோதனையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. முடித்த அட்டைகளை மெத்திலீன் நீலம் கலந்த நீரில் அமிழ்த்தி, மூடிய பாத்திரத்தின் காற்றை உறிஞ்சி, பின் விடுவார்கள். எந்தக் குமிழியிலாவது ஊசிமுனை ஓட்டை இருந்தால் நீலம் உள்ளே புகுந்துவிடும். அட்டைகளைத் துடைத்து, அலுமினியத் தாளை ஒவ்வொரு குமிழியாகப் பிரிப்பார்கள். வெள்ளை, வெள்ளை, வெள்ளை. அந்த வெள்ளை வரிசை முடியும்வரை அங்கே நிற்பவர்கள் பேசுவதில்லை. ஒரு பேட்ச் முடிந்து அடுத்தது தொடங்குமுன் 'லைன் கிளியரன்ஸ்' உண்டு: டார்ச் விளக்கோடு குனிந்து, பெல்ட்டுக்கு அடியில், எந்திரத்தின் காலுக்குப் பின்னால், பழைய பேட்சின் ஒற்றை மாத்திரையோ ஒற்றைச் சீட்டோ தங்கியிருக்கிறதா என்று தேடுவார்கள். இந்தத் தேடலில் நெசவு வீட்டுப் பெண்களின் கண்ணுக்கு ஈடு கிடையாது. பாவில் அறுந்த ஓர் இழையைத் தூரத்திலிருந்தே காணப் பழகிய கண் அது.

அதே கண்ணை ஊசிமருந்துப் பிரிவில் அதன் முழு மகிமையோடு பார்க்கலாம். முன்னால் ஒரு கறுப்புப் பலகை, ஒரு வெள்ளைப் பலகை, மேலே நிழல் விழாத விளக்கு. மருந்துக் குப்பியை எடுத்து, நீர்க்குமிழி எழாதபடி மணிக்கட்டை மட்டும் மென்மையாகச் சுழற்றி, தலைகீழாக்கி, கறுப்பின் முன் ஐந்து நொடி, வெள்ளையின் முன் ஐந்து நொடி. வெண்துகள் கறுப்பில் தெரியும், கருந்துகள் வெள்ளையில் தெரியும். வேகமாகச் சுழற்றினால் குமிழி துகளாக நடிக்கும். மெதுவாகச் சுழற்றினால் துகள் அடியிலேயே ஒளிந்துகொள்ளும். இரண்டுக்கும் இடைப்பட்ட அந்தச் சுழற்சி ஒவ்வொருவர் கையிலும் ஒரு விதம். குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை கண்ணுக்கு ஓய்வு கொடுத்தே ஆக வேண்டும் என்று விதி இருக்கிறது. உழைப்பவரின் கண் களைக்கும் என்று எழுத்திலேயே ஒப்புக்கொண்ட அந்த விதியை நான் மிகவும் மதிக்கிறேன்.

இத்தனைக்கும் சாட்சியாக ஒரு புத்தகம் வளர்ந்துகொண்டே இருக்கும். 'பி.எம்.ஆர்.' என்று சுருக்கமாகச் சொல்லும் பேட்ச் உற்பத்திப் பதிவேடு. எந்த நிமிடத்தில் எந்த அறையில் யார் என்ன செய்தார் என்பது, நடந்த அப்போதே, நீல மையில் எழுதப்படும். தப்பாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது, மேலே எழுதக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது. ஒற்றைக் கோடு கிழித்து, பழையது படிக்கத் தெரியும்படி விட்டு, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்தும் தேதியும் இட வேண்டும். அந்த ஒற்றைக் கோட்டில் ஒரு கம்பீரம் இருக்கிறது. 2023 டிசம்பரில் திருத்தி வெளியிடப்பட்ட, மருந்துத் தயாரிப்பு விதிகளின் தொகுப்பான 'ஷெட்யூல் எம்' இந்த ஒழுங்குகளை இன்னும் இறுக்கியிருக்கிறது. சிறு ஆலைகளுக்கு இது பாரம்தான். அந்தப் பாரம் தேவை என்பதே என் கட்சி.

மருந்து செய்வதை எழுதி வைக்கும் பழக்கம் எங்கள் மண்ணுக்குப் புதிதும் இல்லை. காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் பக்கம் போனால், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடல் வரும். அங்குள்ள பெருமாள் கோயிலில் 11ஆம் நூற்றாண்டுச் சோழ மன்னன் வீரராசேந்திரன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அதில் ஒரு மருத்துவமனை வருகிறது: பதினைந்து படுக்கை, ஒரு மருத்துவர், அறுவை செய்ய ஒருவர், பணிவிடைக்குப் பெண்கள். கையிருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளை அளவோடு அடுக்கிக்கொண்டே போகிறது கல். தசமூல ஹரீதகி, பில்வாதி கிருதம், கல்யாண லவணம் என்று அந்தப் பட்டியலை உளி பொறித்த வரிசையிலேயே விரலால் தடவிப் படித்தால், இன்றைய கிடங்குப் பதிவேட்டைப் படிக்கிற நிறைவு வருகிறது. மூலிகை பறித்து, விறகு கொண்டுவந்து, மருந்து காய்ச்ச இரண்டு பேர் என்றும் அதில் உண்டு. மருத்துவரின் பெயரைக் கல் சொல்கிறது. காய்ச்சிய இருவருக்குப் பெயர் இல்லை; கூலியின் கணக்கு மட்டும் இருக்கிறது. என் தொழிலின் முன்னோர் அவர்கள்தாம்.

எங்கள் பெயரும் மாத்திரை அட்டையில் இருக்காது. ஆனால் அதன் ஓர் ஓரத்தில் பேட்ச் எண், தயாரித்த மாதம், காலாவதி மாதம் அச்சாகியிருக்கும். ஆலத்தூர் என்றோ இருங்காட்டுக்கோட்டை என்றோ ஆலையின் முகவரியும் சில அட்டைகளில் கிடைக்கும். அந்த எண்ணைச் சொன்னால் ஆலையின் பதிவறையில் இருந்து அந்த ஒரு பேட்சின் புத்தகத்தை எடுத்துவிடலாம்; நிறுத்தவர், பார்த்தவர், கஞ்சி காய்ச்சியவர், அச்சை ஓட்டியவர் எல்லோரும் கையெழுத்தோடு அதற்குள் இருப்பார்கள். ஏதேனும் கோளாறு என்றால், எந்த அட்டைகளைத் திரும்பப் பெற வேண்டும் என்று காட்டுவதும் அந்த எண்தான். ஆகவே மருந்துக் கடையில் நாலு மாத்திரை மட்டும் கத்தரித்துக் கேட்கும்போது, எண் அச்சான ஓரத்தை விட்டுவிட்டு மறு ஓரத்திலிருந்து கத்தரிக்கச் சொல்லுங்கள். வீட்டிலும் அந்தப் பக்கத்து மாத்திரைகளைக் கடைசியாகச் சாப்பிடுங்கள்.